ஒவ்வொன்றாரும் இரண்டாயிரத்து நூற்று நாற்பது மூக்குக்கண்ணாடிகளும்

வாசகரே, ஒவ்வொன்றார் என்றொரு இனம் உண்டு. தெரியாது என்று சொல்லாதீர்கள், தெரியும். உங்கள் போனில் ‘ஹலோ’ என்று ஒரு செய்தி வருகிறது. எடுத்துப் பார்க்கிறீர்கள். ஹலோ, அவ்வளவுதான். நீங்களும் ஹலோ என்கிறீர்கள். மூன்று நிமிடம் கழித்து, ‘எப்படி இருக்கீங்க’. நல்லா இருக்கேன் என்கிறீர்கள். இன்னும் நான்கு நிமிடம். ‘ஒரு விஷயம்’. என்ன விஷயம்? பதில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கிறார் என்கிறது போன், நிறுத்திவிட்டார் என்கிறது, மறுபடி எழுதுகிறார் என்கிறது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நாற்காலியின் கையை நீங்கள் இறுகப் பிடித்துக்கொள்ளும் நேரத்தில் வந்து விழுகிறது அந்த விஷயம்: ‘உங்ககிட்ட ஸ்டேப்ளர் இருக்கா?’

அவர்தான் ஒவ்வொன்றார்.

இந்த உலகத்தில் எதுவும் மொத்தமாக நகரக் கூடாது என்பது அவர் கட்சி. மேஜையிலிருந்து சமையலறைக்கு ஆறு தட்டு போக வேண்டுமா? ஆறு நடை. ஒரு கையில் தட்டு. மற்றொரு கை அந்தத் தட்டுக்குக் காவல். கடைக்குப் போனால் சோப்பு கேட்பார். கடைக்காரர் உள்ளே போய் எடுத்து வந்து வைத்ததும், ‘பேஸ்ட்டு’ என்பார். அவர் மறுபடி உள்ளே போய் வந்ததும், ‘பிரஷ்ஷு’. ‘அண்ணே, லிஸ்ட்ட அப்படியே குடுத்துடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்’ என்று கடைக்காரர் கும்பிட்டால், ‘மொத்தமா குடுத்தா ஏதாவது விட்டுப்போயிடும் தம்பி’ என்பார். லிஸ்ட் கையில்தான் இருக்கும். கட்டை விரலால் அதை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை இறக்கிக்கொண்டே போவார், வினாத்தாளைப் பக்கத்துப் பையனிடமிருந்து காப்பாற்றுகிற மாணவனைப் போல.

ஒருமுறை வீடு மாற்றினார். பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு தெரு. ‘இதுக்குப் போய் வண்டியா?’ என்று கேட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தவர் பதினோரு நாள் நடந்தார். கடைசி நாள் சாயங்காலம் பழைய வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரு தலையணையும் அவருடைய மனைவியும். ‘இரு, முதல்ல தலையணைய விட்டுட்டு வந்துடுறேன்’ என்றாராம். இதை அவர் மனைவியே எங்கள் அலுவலக விருந்தில் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

எங்கள் அலுவலகம் என்றேன் அல்லவா? ஆமாம். இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒன்று எனக்கு அடுத்த இருக்கையிலேயே வாய்த்திருந்தது. பறவை பார்க்கப் போகிறவர்கள் காடு மலை ஏறுகிறார்கள். நான் நாற்காலியைச் சற்றுத் திருப்பினால் போதும்.

எங்கள் நிறுவனம் பள்ளிக்கூடங்களில் கண் பரிசோதனை நடத்தி, தேவைப்படும் பிள்ளைகளுக்கு மூக்குக்கண்ணாடி செய்து கொடுக்கிறது. பரிசோதனையில் எழுதிய பட்டியல் எங்களிடம் வரும். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. வரிக்கு நான்கு கட்டம்: பிள்ளையின் எண், இடது கண்ணின் பவர், வலது கண்ணின் பவர், பிரேமின் அளவு. வேறொரு ஊரில் கண்ணாடி அறுக்கும் கூடம் ஒன்று இருக்கிறது. அதன் டேட்டாபேஸில் இந்தப் பட்டியலை ஏற்றுவதுதான் எங்கள் வேலை. நாமாக உள்ளே போய் வைத்துவிட முடியாது. அதற்கு ஒரு புரொசீஜர் உண்டு. முன்கூட்டியே எழுதி டேட்டாபேஸுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்ட வேலைக்கட்டளை அது. ஸ்கிரிப்ட் என்று நாம் எழுதும் சிறு நிரல் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விவரத்தைக் கொடுக்க வேண்டும். அது வாங்கிச் சரிபார்த்து உள்ளே வைத்துவிட்டு, ‘ஆச்சு’ என்று சொல்லி அனுப்பும்.

ஒவ்வொன்றார் எழுதிய ஸ்கிரிப்ட் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? ஒரு பிள்ளை, ஒரு கூப்பிடு. எண் இது, வலது கண் இது, இடது கண் இது, பிரேம் இது. ‘ஆச்சு.’ அடுத்த பிள்ளை, அடுத்த கூப்பிடு. தூரத்து ஊர், மெலிந்த இணைப்பு. ஒரு கூப்பிடு போய்த் திரும்ப நான்கு விநாடி. திரையில் ‘ஆச்சு, ஆச்சு, ஆச்சு’ என்று வரிவரியாக இறங்குவதை அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது அவர் முகத்தில் ஒரு சாந்தி நிலவும். கடற்கரைக்குப் போய் அலை பார்க்கிறவர்களிடம்கூட நான் அதைக் கண்டதில்லை.

இங்கிருந்தபடியே அந்த டேட்டாபேஸுக்குக் காவல் எங்கள் அலுவலக அக்கா. எனக்கு எதிர்வரிசையில், கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு, எந்நேரமும் ஒரு கோட்டுப்படத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தபடி இருப்பார். ஒவ்வொன்றார் வேலையை ஆரம்பித்தால் அந்தக் கோடு ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும்.

‘யாரு அது, வாசக்கதவ விடாம தட்டுறது?’

‘நான்தாம்மா.’

‘அண்ணே, மொத்தப் பட்டியலையும் கட்டம் கலையாம டேபிளாவே வாங்கிக்கிற மாதிரி ஒரு புரொசீஜர் எழுதி வெச்சு வருஷம் ஒண்ணாச்சு. ஒரே கூப்பிடு, எல்லாம் உள்ள. ஒரு பஸ் பிடிச்சு அத்தனை பிள்ளையையும் ஏத்தி விடுங்கண்ணே. பிள்ளைக்கு ஒரு பஸ்ஸா விடுவாங்க?’

ஒவ்வொன்றார் நன்றாக யோசித்தார்.

‘பஸ்ஸு கவுந்துட்டா?’

அக்கா ஹெட்போனைக் காதில் ஏற்றிக்கொண்டார்.

நியாயமாகச் சொன்னால், அவருக்கும் ஒரு பழைய காயம் உண்டு. யாரோ சொன்னார்கள் என்று ஒருமுறை எல்லாப் பிள்ளைகளையும் நடுவில் காற்புள்ளி போட்டு ஒரே வாலாகக் கோத்து அனுப்பினார். வாலின் நீளம் தாங்காமல் டேட்டாபேஸ் அதை நடுவில் நறுக்கிவிட்டது, நறுக்கியதைச் சொல்லவுமில்லை. கத்தி விழுந்த இடத்தில் நின்ற பிள்ளைக்கு நாலே முக்கால் பவர் வெறும் நாலாகிவிட்டது. அன்றிலிருந்து மொத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும்.

இனி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

இரண்டாயிரத்து நூற்று நாற்பது பிள்ளைகள். சரியாக நான்கு மணிக்குக் கூடத்தின் இயந்திரம் பட்டியலை எடுத்துக்கொண்டு அறுக்கத் தொடங்கும். எடுத்தது எடுத்ததுதான், அதற்குமேல் மாற்ற முடியாது. தவறவிட்டால் அடுத்த முறை ஐந்து வாரம் கழித்து. பிள்ளைகளுக்குப் பரீட்சை பத்து நாளில். அதோடு, பட்டியலின் அறுபத்தோராவது வரி ஒவ்வொன்றாருடைய மகள்.

அது எங்களுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவர்தான் சொன்னார், தன் வழக்கப்படி. முந்தைய வாரம் திங்கள்கிழமை, ‘பொண்ணுக்கு ஸ்கூல்ல கண்ணு பாத்தாங்க’ என்றார். செவ்வாய், ‘பவர் இருக்காம்.’ புதன், ‘வலது ஒண்ணு.’ வியாழன் காலையிலிருந்து நாங்கள் காத்திருந்தோம். சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, ‘இடது நாலரை’ என்றார். வெள்ளிக்கிழமை சொன்னதுதான் கொஞ்சம் சங்கடம். ‘ரெண்டு வருஷமா போர்டுல இருக்கிறத பக்கத்துல இருக்கிற பொண்ணுகிட்ட கேட்டுக் கேட்டுத்தான் எழுதியிருக்கா. ஒவ்வொரு வார்த்தையா. இப்பத்தான் எங்களுக்கே தெரியும்.’ அவர் ஒரே மூச்சில் அத்தனை சொல் பேசி நான் கேட்டது அன்றுதான்.

ஒன்றே முக்காலுக்குப் பட்டியல் வந்தது. ஒன்று ஐம்பதுக்கு ஆரம்பித்தார். ஆச்சு, ஆச்சு, ஆச்சு. கணக்குப் போட்டால் நான்கு மணி தாண்டும் என்பதை இரண்டு பேர் உடனே கண்டுபிடித்தோம். அக்கா வாய் திறந்து சொன்னார். நான் சொல்லவில்லை.

‘அண்ணே, நாலு மணிக்குள்ள முடியாது.’

‘இன்னைக்கு லைன் வேகமா இருக்குற மாதிரி இருக்கும்மா.’

வேகமாக இருந்த லைன் இரண்டே முக்காலுக்குப் படுத்துவிட்டது. எண்ணூற்று இருபத்தைந்து பிள்ளைகள் உள்ளே, மற்றவர்கள் வெளியே. பாதிப் பந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கதவைச் சாத்திவிட்ட மாதிரி. லைன் எழுந்து உட்கார்ந்தபோது மணி மூன்று ஐந்து. விட்ட இடத்திலிருந்து தொடங்கினாலும் நாலரை ஆகும்.

ஒவ்வொன்றார் திரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கவில்லை. அவருக்கு அது வராது.

‘டேபிளா அனுப்புற ஸ்கிரிப்ட்டு யாராவது எழுதி வெச்சிருக்கீங்களா?’ என்று அக்கா பொதுவாகக் கேட்டார். நான் கையைத் தோள் உயரம் வரைக்கும் தூக்கினேன்.

‘எப்ப எழுதின?’

‘மூணு வாரம் ஆச்சுக்கா.’

‘மூணு வாரமா அதுமேல உக்காந்து அடைகாத்தியா? வாயத் திறந்து சொன்னா என்ன, முத்து உதிர்ந்துடுமா? ஓட்டு!’

அக்கா உள்ளே போயிருந்த எண்ணூற்று இருபத்தைந்தையும் துடைத்தார். நான் பட்டியல் முழுவதையும் ஒரே டேபிளாக எடுத்துப் புரொசீஜரின் கையில் வைத்தேன். மூன்று விநாடி. இரண்டாயிரத்து நூற்று நாற்பது. ‘ஆச்சு’, ஒரே ஒரு தடவை.

யாரோ கைதட்டினார்கள். மேனேஜர் தம் அறையிலிருந்து தலையை மட்டும் நீட்டி, ‘சபாஷ்’ என்று சொல்லிவிட்டு, எதற்கு என்று கேட்காமலே தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். அக்கா, ‘வா, டீ வாங்கித் தரேன்’ என்றார். மூன்று மாடி இறங்கினோம்.

ஒவ்வொன்றார் வரவில்லை. ‘மூணு செகண்டா?’ என்று திரையிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ‘மூணு செகண்ட்ல எப்படிப் போகும்?’ கட்டை விரலைத் திரையின் முதல் வரிக்குக் கீழே வைத்தார்.

இரண்டாவது டீ வந்தது. போன் அதிர்ந்தது. மூன்று நாற்பத்து நான்கு.

‘தம்பி.’

பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தேன். வாசகரே, நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

‘இருக்கீங்களா.’

‘ஒண்ணு கேக்கணும்.’

‘ஸ்டேப்ளரா இருக்கும்’ என்றார் அக்கா. இருவரும் சிரித்தோம். மூன்று நாற்பத்தெட்டு.

‘டீ குடிக்கிறீங்களா.’

‘சரி குடிச்சிட்டு வாங்க.’

‘அவசரமில்ல.’

இடையில் ஒரு நிமிடம் அமைதி. அக்கா இன்னொரு பிஸ்கட்டை நனைத்தார்.

‘அவசரம்தான்னு நெனைக்கிறேன்.’

‘என் பொண்ணு.’

அதற்குமேல் எதுவும் வரவில்லை. எழுதுகிறார் என்றது போன். நிறுத்திவிட்டார் என்றது. என் பொண்ணு? பொண்ணுக்கு என்ன? டீயை மேஜையில் வைத்தேனா கொட்டினேனா என்று நினைவில்லை. மூன்று மாடியையும் ஓடியே ஏறினேன். பின்னால் அக்காவின் ஹெட்போன் ஒவ்வொரு படியிலும் அவர் சட்டைப் பொத்தானில் இடித்துக்கொண்டு வந்தது. ஏன் போன் செய்து ஒரே வாக்கியத்தில் சொல்லவில்லை என்று பிற்பாடு கேட்டேன். ‘நீங்க பதில் போட்ட பிறகு போன் பண்ணலாம்னு இருந்தேன்’ என்றார். ஒன்று முடியாமல் இன்னொன்றைத் தொட மாட்டார்!

மேலே அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கட்டை விரல் மட்டும் திரையிலிருந்து அகலவில்லை.

‘அண்ணே, பாப்பாவுக்கு என்னாச்சு?’

‘வலது ஒண்ணு தம்பி.’

‘சரி.’

‘இடது நாலரை.’

‘சரிண்ணே!’

‘இங்க வலது நாலரைன்னு இருக்கு.’

எனக்கு மூச்சு வாங்கியது. ‘ஸ்கூல்ல மாத்தி எழுதியிருப்பாங்கண்ணே, உங்க பொண்ணுக்கு மட்டும்...’

‘நானும் அப்படித்தான் நெனச்சேன். அதுவரைக்கும் பிள்ளையோட நம்பர் வந்திருக்கான்னு மட்டும்தான் பாத்துட்டு வந்தேன். அடுத்த பிள்ளைய ஷீட்டோட வெச்சுப் பாத்தேன். அதுவும் மாறியிருந்துச்சு. அதுக்கடுத்த பிள்ளை. அதுவும்.’

‘எத்தனை பாத்தீங்க?’

‘நூத்தி முப்பது.’

இரண்டு பார்த்தால் போதாதா என்று கேட்க நேரமில்லை. என் ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். அவருடைய ஸ்கிரிப்ட் ஒவ்வொரு விவரத்தையும் பெயர் சொல்லிக் கொடுத்தது: வலது கண் இது, இடது கண் இது. எதை முன்னால் சொன்னாலும் குழப்பமில்லை. டேபிளாகக் கொடுக்கும்போது பெயர்கள் கூடப் போவதில்லை. கட்டங்கள் நிற்கிற வரிசைதான் போகும். கண் மருத்துவர்கள் எழுதுகிற முறைப்படி அக்காவின் புரொசீஜர் வலதை முதலில் எதிர்பார்த்தது. பள்ளிக்கூடப் பட்டியலில் இடது முதலில் நின்றது. நான் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டேன். அதுவும் எண், இதுவும் எண். டேட்டாபேஸுக்கு என்ன சந்தேகம் வரும்? மூன்று விநாடியில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றியிருந்தேன். ஒவ்வொன்றாராக இருந்தால் அவ்வளவு பெரிய தப்புக்கு இரண்டரை மணி நேரம் தேவைப்பட்டிருக்கும்.

‘மூணு அம்பத்தி நாலு’ என்றார் அக்கா. அதற்குள் அவர் நாற்காலியில் இருந்தார். ‘நான் துடைக்கிறேன். நீ கட்டத்த மாத்து.’

மொத்தமாகப் போனதில் ஒரு சௌகரியம்: மொத்தமாகவே துடைக்கலாம். ஒரே ஒரு வரியில் இரண்டு சொற்களை இடம் மாற்றினேன். எது இடது, எது வலது என்று மூன்று தடவை சரிபார்த்ததில் அதற்கு இரண்டு நிமிடம் ஆனது. அனுப்பினேன். மூன்று விநாடி. ஆச்சு.

‘அறுபத்தொண்ணு!’ என்றோம் இருவரும்.

ஒவ்வொன்றாரின் விரல் முதல் வரியில் இருந்தது. இரண்டாவதுக்கு இறங்கியது.

‘அண்ணே, நேரா அறுபத்தொண்ணுக்குப் போங்கண்ணே!’

‘வந்துட்டே இருக்கேன்மா.’

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து நேராக அறுபத்தொன்றில் கொண்டுபோய் வைத்தார். வலது ஒன்று. இடது நாலரை. மூன்று ஐம்பத்தெட்டு. நான்கு மணிக்கு இயந்திரம் பட்டியலை எடுத்துக்கொண்டது. பிறகு ஒவ்வொன்றார் விரலை மறுபடி முதல் வரிக்குக் கொண்டுபோனார். ‘இப்ப நிதானமா பாக்கலாம்’ என்றார். ஆறு மணிக்கு நாங்கள் கிளம்பியபோது எழுநூறைத் தாண்டியிருந்தார்.

அவர் திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். அடுத்த பட்டியலிலிருந்து டேபிளாகத்தான் அனுப்புகிறார். அக்கா விட்டால்தானே? மூன்று விநாடியில் அனுப்பிவிட்டு, மூன்று மணி நேரம் சரிபார்க்கிறார். நானா? கட்டங்களின் பெயரைப் புரொசீஜரின் வரிசையோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாவிட்டால் நின்றுவிடுகிற மாதிரி ஸ்கிரிப்ட்டில் நான்கு வரி சேர்த்திருக்கிறேன். எழுதிய அன்றைக்கே அக்காவிடம் சொல்லியும்விட்டேன். என்னளவில் அது சாதனை.

அந்த வெள்ளிக்கு அடுத்த புதன்கிழமை, பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ‘தம்பி.’ கவிழ்த்து வைக்கவில்லை. ‘வந்துடுச்சு.’ காத்திருந்தேன். ‘கண்ணாடி.’ ‘போட்டுட்டா.’ பஸ் வந்தது; ஏறவில்லை. ஏறினால் கூட்டத்தில் போனைக் கையில் வைத்திருக்க முடியாது. அடுத்த பஸ்ஸும் போனது. பிறகு வந்தது: ‘எதிர்வீட்டு நம்பர் பிளேட்ட படிக்கிறா. ஒவ்வொரு எழுத்தா.’

ஆகவே வாசகரே, இந்த இனத்தைக் கண்டால் சிரியுங்கள்; நானும் சிரிக்கிறேன். ஆனால் சிரிப்பதற்கு முன், உங்கள் போனை எடுத்து, நீங்கள் கடைசியாக யாருக்கோ அனுப்பிய ஐந்து செய்திகளைப் பாருங்கள். ‘ஹேய்’, ‘என்ன பண்றே’, ‘ஒண்ணுமில்ல’, ‘சும்மாதான்’, ‘அப்புறம் சொல்றேன்’ என்று ஏதாவது கண்ணில் படுகிறதா? இல்லையா? நல்லது. தப்பித்துவிட்டீர்கள்.

இருந்தாலும் ஒன்று. இந்தக் கட்டுரையை ஒரே காகிதக் கட்டாக, மொத்தமாகத்தான் உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் அதை எப்படி வாங்கிக்கொண்டீர்கள் என்பதை இவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வரி. அப்புறம் அடுத்த வரி. உங்கள் கட்டை விரலை இப்போது கொஞ்சம் எடுக்கிறீர்களா?